பேரலையும் கருவாடும்: முதன்முறை நஸாரே போகிறவர்களுக்கு

போர்ச்சுகலின் நஸாரே என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது ஒரே படம்தான். பாறை முனையில் பழைய கோட்டை, அதன்மேல் சிவப்புக் கலங்கரை விளக்கம், பின்னால் எட்டு மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் அலை, அதன் சரிவில் புள்ளியாக ஒரு மனிதன். அந்தப் படத்தை நம்பி டிக்கெட் எடுத்து, ஆகஸ்டில் போய் இறங்கி, அமைதியாகக் கிடக்கும் கடலைப் பார்த்து ஏமாந்து நிற்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. அவர்கள் மாலையே பஸ் ஏறி லிஸ்பனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

பேரலை வருடத்தில் சில நாட்கள்தான் எழும். எந்த நாள் என்பது ஒரு வாரத்துக்கு முன்புதான் தெரியும். ஊர் எல்லா நாளும் இருக்கிறது. அதுவும் பல நூற்றாண்டு மீன்பிடி வாழ்க்கையின் தடம் இன்னும் அழியாத ஊர். ஆகவே ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவுசெய்து நாள் குறியுங்கள். அலைக்கு இடம் விட்டுவையுங்கள். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், குளிர்காலமென்றால் நான்கு.

முதலில் ஊரின் அமைப்பு

லிஸ்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில், லெய்ரியா மாவட்டத்தில் இருக்கிறது நஸாரே. மக்கள்தொகை சுமார் 15,000. ஊர் மூன்று துண்டாக இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே கடலோரத்தில் இருப்பது பிராயா. பிறை வடிவ மணற்கரை, அதையொட்டிய சாலை, அதன் பின்னால் நேர்நேராகக் கடலை நோக்கி இறங்கும் குறுகிய தெருக்கள், இரண்டு மூன்று மாடி வெள்ளை வீடுகள். மீனவர்கள் குடியிருந்த பகுதி இதுதான். வடக்கே செங்குத்தாக நூறு மீட்டருக்கு மேல் எழும் பாறையின் உச்சியில் இருப்பது சீத்தியோ: மாதா கோவில், சதுக்கம், காட்சிமுனை எல்லாம் அங்கே. கிழக்கே உள்நாட்டுக் குன்றின்மேல் இருப்பது பெதர்நெய்ரா. மூன்றிலும் பழையது அதுதான். கடற்கொள்ளையருக்கு அஞ்சிய காலத்தில் மக்கள் மேட்டிலேயே வாழ்ந்தார்கள். கடல் பின்வாங்கி, அச்சமும் நீங்கிய பிறகு, 18ஆம் நூற்றாண்டு முதல் கீழே இறங்கி மணலில் வீடு கட்டினார்கள்.

சீத்தியோவின் பாறை கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறது. அந்த முனைக்குத் தெற்கே ஊர்க் கடற்கரை. வடக்கே இருப்பது பிராயா டோ நோர்ட்டே, அதாவது வடக்குக் கடற்கரை. புகைப்படங்களில் வரும் அலை வடக்குக் கரையில் எழுவது. நடந்தால் அரைமணி தூரத்தில் இருக்கும் இந்த இரண்டு கரைகளும் இரண்டு வேறு கடல்கள்போல் நடந்துகொள்ளும்.

எந்த மாதம் போவது

பேரலைக் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. அலைச்சறுக்கு வீரர்கள் ஏறிச் சாதனை படைத்த அலைகளின் தேதிகளைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். காரெட் மெக்நமாரா ஏறிய 23.8 மீட்டர் அலை 2011 நவம்பர் 1 அன்று எழுந்தது. ரோட்ரிகோ கோக்சாவின் 24.4 மீட்டர் அலை 2017 நவம்பர் 8இல். செபாஸ்டியன் ஸ்டுட்னரின் 26.21 மீட்டர் அலை, கின்னஸ் பதிவானது, 2020 அக்டோபர் 29இல். மூன்றும் பத்து நாள் இடைவெளிக்குள் வரும் தேதிகள். வட அட்லாண்டிக்கின் முதல் பெரும்புயல்கள் வந்து சேரும் பருவம் அது. குளிரும் அப்போது கடுமையாக இருக்காது. இரண்டையும், அதாவது அலைக்கான வாய்ப்பையும் ஊர் சுற்றத் தோதான வானிலையையும், ஒன்றாகப் பெற அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் பாதியும் எனக்குப் பிடித்த காலம். டிசம்பர், ஜனவரியில் அலைக்கு வாய்ப்பு குறைவதில்லை. மழையும் காற்றும் கூடுதல்.

ஜூலை, ஆகஸ்டில் மத்தி மீன் கொழுத்திருக்கும், கருவாட்டுப் பந்தல்கள் நிறைந்திருக்கும். கூட்டமும் நிறைந்திருக்கும், அறை வாடகை எகிறும். கோடையிலும் காலையில் கடல்மூட்டம் இறங்குவதும், பிற்பகலில் வடகாற்று வீசுவதும் வழக்கம். எந்த மாதமானாலும் காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் போனால் கோவில் திருவிழா. செப்டம்பர் 8இல் தொடங்கிச் சில நாட்கள் நீளும்.

விசாவும் வழியும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளாவது இருக்கும்போது கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். போர்ச்சுகலோடு ஸ்பெயினையும் பிரான்ஸையும் சேர்த்துச் சுற்றுவதாக இருந்தால், அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. ஆனால் லண்டனில் குடியிருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றால் விசா வேண்டும். இதில் தடுமாறுபவர்கள் நிறையப் பேர்.

லிஸ்பனிலிருந்து பஸ்ஸில் போவதே நல்லது. செத்தே ரியோஸ் பஸ் நிலையத்திலிருந்து ரெதே எஷ்ப்ரெசோஸ் பஸ்கள் போகின்றன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மெட்ரோவின் நீலத் தடத்தில் ஜார்தீம் ஸூலோஜிகோ நிலையத்தில் இறங்கினால் பஸ் நிலையம் பக்கத்திலேயே. டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள், குறிப்பாக வெள்ளி மாலைக்கும் ஞாயிறு மாலைக்கும். பஸ் கீழூரான பிராயாவிலேயே இறக்கிவிடும்.

ரயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேற்குத் தடம் மெதுவானது. இறங்க வேண்டிய வாலாதோ டோஸ் ஃப்ராதெஸ் நிலையம் ஊருக்கு வெளியே சுமார் ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து டாக்ஸி தேட வேண்டும்.

காரில் போனால் ஏ8 நெடுஞ்சாலை. சுங்கக் கட்டணம் உண்டு. வாடகைக் கார் எடுக்கும்போதே மின்னணுச் சுங்கக் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பேரலை நாளில் சீத்தியோவுக்குக் காரைக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம், சாலைகளை அடைத்துவிடுவார்கள். கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

எங்கே தங்குவது

ஊருக்குள் வரும் சாலையோரத்தில், "அறைகள்" என்று நான்கைந்து மொழிகளில் எழுதிய பலகையைப் பிடித்தபடி வயதான பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இது நஸாரேயின் பழைய வழக்கம். மீன் குறைந்த மாதங்களில் தங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பங்கள் இவை. இன்றும் அவர்களிடம் அறை எடுக்கலாம். பணம் கொடுக்கும் முன் அறையைப் பாருங்கள். வாசலில் ஏஎல் (AL) என்ற எழுத்துள்ள சிறு பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுபெற்ற தங்குமிடத்துக்கு அதுதான் அடையாளம். குளிர்காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அறையைச் சூடாக்க வசதி உண்டா? பழைய போர்ச்சுகீசிய வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. ஜனவரி இரவில் உள்ளே இருக்கும் ஈரக்குளிர் வெளியே இருப்பதைவிட மோசம்.

அலை பார்ப்பதே நோக்கம் என்றால் சீத்தியோவில் தங்குங்கள். விடிவதற்கு முன்பே முனைக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்குப் பிராயாவே வசதி. கடை, சாப்பாடு, பஸ் எல்லாம் காலடியில்.

முதல் நாள் காலை: சந்தையும் கருவாட்டுப் பந்தலும்

காலை எட்டு மணிக்கெல்லாம் நகராட்சிச் சந்தைக்குப் போய்விடுங்கள். கூரையிட்ட கட்டடம், ஒரு பக்கம் காய்கறி, இன்னொரு பக்கம் மீன். மீன் விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்த ஊரில் கடலுக்குப் போவது ஆண்கள் வேலை. கரைக்கு வந்த பிறகு மீனுக்கும் பணத்துக்கும் பெண்கள்தான் பொறுப்பு. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சந்தையிலிருந்து கடற்கரைச் சாலைக்கு வந்து தெற்கே நடங்கள். பழைய ஏலக்கூடம் இன்று பண்பாட்டு மையமாக இருக்கிறது. அதற்கு எதிரே மணலில் கருவாட்டுப் பந்தல்கள். மரச்சட்டத்தில் வலை கட்டி, கால் கொடுத்துச் சாய்வாக நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு இங்கே பனெய்ரோ என்று பெயர். பக்கத்திலேயே பழைய படகுகள் சிலவற்றை மணலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அடிப்பாகம் தட்டை, முன்மூக்கு உயர்ந்து கூர்மை. அலையை நேருக்கு நேர் எதிர்த்து ஏறுவதற்காக அப்படி. பளிச்சென்ற வண்ணம், சிலவற்றின் முகப்பில் வரைந்த கண்.

பந்தல் பக்கத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். முக்கால்வாசி கராபாவ் என்ற மீன்தான் காயும். நம் பாரை இனத்துச் சிறுமீன். நான் பார்த்த அம்மாள் மடியில் பிளாஸ்டிக் ஏப்ரன், தலையில் கட்டிய துணி, காலடியில் இரண்டு வாளி என்று உட்கார்ந்திருந்தார். மீனை இடது உள்ளங்கையில் வைத்து ஒரே இழுப்பில் பிளந்து, குடலைப் பெருவிரலால் வழித்து முதல் வாளியில் போடுவார். மீன் புத்தகம்போல் இரண்டு பக்கமாக விரிந்துகொள்ளும். கழுவி, உப்புநீர் வாளியில் அமிழ்த்தி, கை நிறைந்ததும் எழுந்து போய் வலைமேல் பரப்புவார். வால்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும். கடற்புறா ஒன்று தாழ்ந்து வந்தால் தலையை நிமிர்த்தாமலே நாக்கைச் சொடுக்கி விரட்டுவார். கேட்டபோது மீனைத் தூக்கி வெயிலில் பிடித்துக் காட்டினார்: சதை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவினால் இன்னும் காய வேண்டும்.

இரண்டு வகை விற்பார்கள். இரண்டு மூன்று நாள் முழுதாகக் காய்ந்தது, நம் கருவாடு மாதிரி. சில மணி நேரம் மட்டும் வெயில் கண்டது இன்னொன்று. அதற்கு எஞ்ஜோவாதோ என்று பெயர். வாட்டித் தின்னச் சிறந்தது இரண்டாவதுதான், ஆனால் அன்றே தின்ன வேண்டும். பையில் வைத்துக்கொண்டு போக முதலாவதை வாங்குங்கள். சின்ன மத்தி, பேய்க்கணவாய், சுறாத் துண்டுகளும் காயும்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். 1950களில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் போன்ற பெரிய புகைப்படக்காரர்கள் வந்ததிலிருந்து இந்தப் பெண்கள்மீது கேமரா திரும்பிக்கொண்டே இருக்கிறது. வேலை நடக்கும்போது முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவதை யாரும் விரும்புவதில்லை. "போங் தியா" என்று காலை வணக்கம் சொல்லி, ஒரு கட்டு மீன் வாங்கி, பிறகு கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கரையில் ஷாவெகா என்ற வலை போட்டார்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்க, படகு மறுமுனையோடு வட்டமடித்துத் திரும்ப, இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பது. நம் கரைவலையேதான். கோடையில் சில நாட்கள் பார்வையாளர்களுக்காக அதை நடத்திக்காட்டுகிறார்கள். தேதியைச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். துறைமுகம் 1980களில்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு படகும் உடையும் அலையினூடே மணலிலிருந்து புறப்பட்டு, அதே அலையினூடே திரும்பியாக வேண்டும். கரை சேர்ந்த படகை மாடு பூட்டி மேலே இழுத்தார்கள். குடும்பத்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரைக்குக் கூப்பிடு தூரத்தில் கவிழ்ந்த படகுகள் பல. இன்றும் தெருவில் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்திய முதிய விதவைகளைப் பார்க்கிறோமே, அதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஏழு பாவாடை உடுத்திய பெண்களையும் பார்ப்பீர்கள். கடலுக்குப் போனவர்களுக்காக மணலில் காத்திருந்தபோது குளிருக்குப் போர்த்திக்கொள்ள இத்தனை அடுக்கு என்கிறார்கள். ஏழு அலைக்குப் பிறகு கடல் ஒரு கணம் அடங்கும், அதை எண்ண ஏழு என்பது இன்னொரு கதை. இன்று தினமும் உடுத்துவோர் குறைவு. திருவிழாவிலும், சீத்தியோவில் பருப்பு, உலர்பழம் விற்கும் கடைகளிலும் காணலாம்.

பிற்பகல்: பாறைமேல்

பிராயாவிலிருந்து சீத்தியோவுக்குக் கயிற்று ரயில் உண்டு. 1889இல் தொடங்கியது, 318 மீட்டர் தடம், 42 சதவீதச் சரிவு. லிஸ்பனில் 2025 செப்டம்பரில் குளோரியா கயிற்று ரயில் விபத்துக்குள்ளான பிறகு, பாதுகாப்புச் சோதனைக்காக இதையும் நிறுத்தினார்கள். ஆகவே ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஓடாவிட்டால் பாறையோரமாகப் படிப்பாதை இருக்கிறது. நிதானமாக ஏறினால் இருபது நிமிடம். மூட்டுவலி உள்ளவர்கள் டாக்ஸி பிடிப்பது நல்லது.

மேலே முதலில் சுபெர்கோ காட்சிமுனை. கீழே பிறைக்கரை முழுவதும் ஒரே பார்வையில் விழும். அதன் ஓரத்தில், ஓர் அறைதான் இருக்கும் அளவுக்குச் சிறிய தேவாலயம்: எர்மீதா டா மெமோரியா. 1182 செப்டம்பர் 14 அன்று, மூடுபனியில் மானைத் துரத்திக் குதிரையில் வந்த தோம் ஃபுவாஸ் ரூபினோ என்ற பிரபு, பாறை விளிம்பில் அன்னை மரியாளை அழைக்க, குதிரை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்பது ஊர்க்கதை. நன்றிக்குக் கட்டியதுதான் இது. உள்ளே கீழே இறங்கும் படியில் தலை குனிந்து போங்கள். சுவரும் கூரையும் நீல ஓடுகள். பக்கத்தில் வாஸ்கோ ட காமாவின் நினைவாக ஒரு கல்தூண். இந்தியாவுக்கான கடற்பயணத்தை ஒட்டி அவர் இங்கே வந்து வேண்டிக்கொண்டார் என்பது ஊர் நம்பிக்கை.

சதுக்கத்தின் எதிர்ப்புறம் பெரிய கோவில். 1377இல் மன்னர் ஃபெர்னாண்டோ தொடங்கியது, பிறகு பலமுறை மாற்றிக் கட்டியது. ஊருக்குப் பெயர் கொடுத்த கரிய சிறு அன்னை சிலை பீடத்தின் உயரத்தில் இருக்கிறது. திருப்பண்ட அறை வழியாகச் சிறு கட்டணம் கொடுத்துப் பின்படியில் ஏறி அருகில் பார்க்கலாம். பெரும்பாலானோர் இது தெரியாமல் வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். வழிபாட்டு நேரத்தில் ஏறாதீர்கள்.

பிறகு கோட்டைக்குக் கீழ்நோக்கிச் செல்லும் சாலை. பதினைந்து நிமிட நடை. வழியில் மான்தலையும் மனித உடலுமாக அலைச்சறுக்குப் பலகையோடு நிற்கும் பெரிய சிலை. பழைய கதையையும் புதிய புகழையும் ஒரே உருவில் சேர்த்திருக்கிறார்கள். கோட்டை 1577இல் எழுந்தது. அதன் கலங்கரை விளக்கம் 1903இலிருந்து எரிகிறது. உள்ளே பேரலை வீரர்கள் விட்டுச்சென்ற பலகைகள் சுவர் நிறைய இருக்கின்றன. சில நடுவே முறிந்தவை. அலை இல்லாத நாளிலும் கோட்டைக்கு வாருங்கள். அலையைப் பெரிதாக்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் வரைபடம் உள்ளே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு கடலைப் பார்க்கும் கண் மாறிவிடும்.

அலை எழும் நாள்

கடலடியில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது. வெளிக்கடலில் அதன் ஆழம் 5,000 மீட்டரைத் தொடுகிறது. கரைக்கு மிக அருகில், கோட்டை முனைக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. புயல் கிளப்பிய நீண்ட அலை ஆழமான நீரில் வேகம் குறையாமல் வரும். பக்கத்தில் ஆழம் குறைந்த தரையின்மேல் வரும் அதே அலையின் மறுபாதி மெதுவாகும். வேகம் வேறுபட்ட இரண்டு பகுதிகளும் வளைந்து, முனைக்கு வடக்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. கரையோரமாக வந்து திரும்பும் நீரோட்டமும் எதிரே தள்ள, அலை இன்னும் நிமிர்கிறது. இதே பள்ளம்தான் அலையின் ஆற்றலை ஊர்ப்பக்கத்திலிருந்து விலக்கியும் விடுகிறது. மேற்குக் கரையின் பல துறைமுகங்கள் மூடிக்கிடக்கும் நாளிலும் நஸாரே துறைமுகம் திறந்திருப்பது இதனால்தான்.

முன்னறிவிப்பைப் படிக்க மூன்று எண்களைப் பாருங்கள். திறந்த கடலில் அலையின் உயரம், இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட விநாடிகள், திசை. உயரம் ஐந்து மீட்டரைத் தாண்டி, இடைவெளி 15 விநாடிக்கு மேல் இருந்து, திசை மேற்கு அல்லது வடமேற்கு என்றால் பையைக் கட்டலாம். இடைவெளிதான் முக்கியம், பத்து விநாடி அலை எவ்வளவு உயரமானாலும் பள்ளத்தாக்கு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. காற்று மெல்லிதாக, கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் இன்னும் நல்லது. போர்ச்சுகல் வானிலை நிறுவனமான இப்மா கடல் எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வெளியிடும். பேரலைப் போட்டியும் இப்படித்தான்: நவம்பர் முதல் மார்ச் வரை காத்திருந்து, சில நாள் முன்பாகத்தான் தேதி சொல்வார்கள்.

கோட்டை மாடியில் நின்றால் அலைக்கு மிக அருகில் இருப்பீர்கள். இடம் சீக்கிரம் நிறைந்துவிடும், விடியற்காலையிலேயே போங்கள். காலை வெயில் முதுகுப்பக்கம் இருப்பதால் படமும் தெளிவாக வரும். கோட்டைக்கு மேலே சாலையோரச் சரிவில் நின்றால் முழுக் காட்சியும் கிடைக்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு அதையே சொல்வேன். தொலைநோக்கி கட்டாயம். வெறுங்கண்ணில் வீரரைக் கண்டுபிடிப்பதற்குள் அலை உடைந்துவிடும். ஜெட் ஸ்கியைத் தேடுங்கள். அதன் கயிற்றில் அவர் இருப்பார். இத்தனை பெரிய அலையைக் கையால் துழாவிப் பிடிக்க முடியாது, இழுத்துவிட வேண்டும். உங்கள் பக்கத்தில் வாக்கி டாக்கியோடு ஒருவர் நிற்கலாம். பாறைமேலிருந்து அலையை அறிவித்து, விழுந்தவர் எங்கே மிதக்கிறார் என்று மீட்பு ஜெட் ஸ்கிக்குச் சொல்பவர் அவர். அவரை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வேலி தாண்டாதீர்கள். வடக்குக் கரையின் மணலுக்கு இறங்காதீர்கள். பாதுகாப்புக் கவசமும் மீட்பு அணியும் இருந்தே இங்கே ஆபத்து நேர்ந்திருக்கிறது. 2013இல் பேரலை வீராங்கனை மாயா கபெய்ரா நினைவிழந்து மிதந்து, சக வீரர் கார்லோஸ் பூர்லே கரைக்கு இழுத்துவந்ததால் பிழைத்தார். அதே மாயா 2020 பிப்ரவரியில் 22.4 மீட்டர் அலையில் ஏறிப் பெண்கள் சாதனையைப் படைத்தார். 2023 ஜனவரியில் பிரேசில் வீரர் மார்சியோ ஃப்ரெய்ரே இங்கே உயிரிழந்தார். உள்ளூர்க்காரரான தீனோ காசிமீரோ 2005இல் மெக்நமாராவுக்கு அலையின் படத்தை அனுப்பி வரவழைக்கும்வரை, வெளியுலகில் பலருக்கு இந்தக் கடலைத் தெரியாது. மீனவர்களுக்குத் தெரியும், அதனால்தான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தார்கள்.

கடலில் இறங்க விரும்பினால்

ஊர்க் கடற்கரையில், கோடையில், உயிர்காப்பாளர் இருக்கும்போது மட்டும். பச்சைக் கொடி என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் தண்ணீர்ப்பக்கமே போகக் கூடாது. நீலமும் வெள்ளையுமான கட்டக்கொடி பறந்தால் உயிர்காப்பாளர் அப்போது இடத்தில் இல்லை என்று பொருள். தண்ணீர் ஆகஸ்டிலும் 20 பாகையைத் தாண்டுவது அரிது. கரை சட்டென்று ஆழமாவதால், சிறிய அலையும் விளிம்பில் அறைந்து உடைந்து காலை வாரிவிடும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். குழந்தைகள் ஆசைதீர விளையாட வேண்டுமென்றால் தெற்கே பதின்மூன்று கிலோமீட்டரில் சாவ் மார்த்தீனோ டோ போர்ட்டோ இருக்கிறது. சிப்பி வடிவ விரிகுடா, அலையே இல்லாத தண்ணீர். அவசர உதவிக்கு 112.

அலைச்சறுக்குக் கற்க ஆசையிருந்தால், முதல் பாடத்துக்குத் தெற்கே உள்ள கடலோர ஊர்களான பெனீஷேயையும் எரிசெய்ராவையும் சொல்வேன். பெனீஷேயில் பலேயால் கடற்கரை பழகுபவர்களுக்கு ஏற்றது. எரிசெய்ரா 2011இல் உலக அலைச்சறுக்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, ஐரோப்பாவில் முதலாவது.

சாப்பாடு

மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று, இரவு ஏழரை முதல் பத்து. நடுவே சமையலறை மூடியிருக்கும். நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள், தொட்டால் பணம். வேண்டாமென்றால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். மீனை எடைக்கு விற்கும் கடையில், அடுப்பில் போடும் முன்பே நிறுத்து விலை சொல்லச் சொல்லுங்கள். கால்தெய்ராதா என்ற மீன் குழம்பு இரண்டு பேருக்குச் சேர்த்துத்தான் வரும்: பல மீன்கள், உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம் அடுக்கி வேகவைத்தது. காரம் இருக்காது, மீனின் சுவை அப்படியே இருக்கும். கோடையில் கரியில் சுட்ட மத்தி. கடலோரச் சாலையைவிட ஒரு தெரு உள்ளே, அன்றைய உணவைக் கரும்பலகையில் எழுதிவைத்த சிறு கடைகளில் விலையும் குறைவு, மீனும் நன்றாக இருக்கும்.

சைவர்களுக்குச் சிரமம்தான். காய்கறி சூப், முட்டை ஆம்லெட், சாலட், சோறு கிடைக்கும். கால்தோ வெர்தே என்ற கீரை சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். சமையலறை உள்ள அறை எடுத்துச் சந்தையில் காய் வாங்கிச் சமைத்துக்கொள்வது நிம்மதி.

மிச்சமுள்ள நாளில்

பெதர்நெய்ராவுக்கு ஒரு மாலை ஏறிப் பாருங்கள். கூட்டமே இருக்காது, கீழூரும் பாறையும் எதிரெதிரே தெரியும். அரைநாள் கையில் இருந்தால் அல்கோபாசா. பதினான்கு கிலோமீட்டர், பஸ் உண்டு. 1153இல் தொடங்கிய மடம், 1989 முதல் யுனெஸ்கோ பட்டியலில். மன்னர் பெத்ரோவும் கொலையுண்ட காதலி இனேஸும் சிலுவை வடிவக் கோவிலின் இரு கைகளில், பாதத்துக்கு எதிரே பாதமாகக் கிடக்கும் கல்லறைகளின் சிற்ப வேலையைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது. முழுநாள் இருந்தால் இன்னொரு பழைய மடம் இருக்கும் பதாலியாவையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கார் வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் பஸ்ஸில் ஒரே நாளில் போய்வர நினைத்தால் பாதி நாள் நிறுத்தத்திலேயே கழியும். வார இறுதியில் பஸ்கள் இன்னும் குறைவு. திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.